கோதுமை கண்ட ஸ்திராம்பெல்லி

பட்டாணிச் செடியின் நெட்டையும் குட்டையும் தலைமுறைதோறும் இறங்கிவரும் முறைமையை ஆராய்ந்து மெண்டல் என்னும் துறவியார் வரைந்த கட்டுரை அச்சேறியது 1866 ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டிலேயே இத்தாலியின் கஸ்தெல்ரைமொந்தோ என்னும் ஊரிற் பிறந்தார் நசரேனோ ஸ்திராம்பெல்லி. மெண்டலின் கட்டுரையை உலகம் 1900 வரை மறந்திருந்தது. அவ்வுண்மையை வயலிலே விளைவித்துக் காட்டியோருள் ஸ்திராம்பெல்லி முதல்வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர்.

1903 இல் ரியேத்தி நகரில் உழவர்க்கு அறிவூட்டும் பணியை ஏற்றார். அந்நிலத்துக் கோதுமை துருநோயைத் தாங்குவது. எனினும் நெடிய தாளையுடையது. எருவிட்டால் தாள் மேலும் நீளும், கதிர் கனக்கும், காற்றும் மழையும் வந்தபோது பயிர் நிலத்திற் சாயும். ஆதலின், தன் பயிருக்கு உணவூட்டவே உழவன் அஞ்சினான். விளைவைத் தடுத்தது வறுமை மட்டுமன்று, பயிரின் உயரமுமாகும்.

ஸ்திராம்பெல்லி ரியேத்திக் கோதுமையை ஒல்லாந்து நாட்டு வில்கெல்மினாக் கோதுமையோடு கலந்தார். அக்கலப்பினத்தை 1913 இல் யப்பானிய அக்ககொமுகியோடு மீண்டும் கலந்தார். அக்ககொமுகி தானாகப் பெருவிளைவு தருவதன்று; குறுகிய தாளும் விரைந்து முதிரும் இயல்புமே அதன் செல்வம். அவ்விரு பண்புகட்கும் காரணமான பரம்பரையலகுகள் ஒரே நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளன எனப் பிற்கால ஆய்வாளர் கண்டனர். ஒன்று தாளைக் குறுக்கும். மற்றது பகற்பொழுதின் நீளத்தை எதிர்பாராது பூக்கச் செய்யும். இவ்வழி வந்தவையே ஆர்தித்தோ, மென்தானா முதலிய புகழ்பெற்ற இனங்கள். அவை எருவை ஏற்றும் சாயாது நின்றன. கோடை வெப்பம் முற்றுமுன் முதிர்ந்தன.

அவர்தம் மனைவியார் கார்லொத்தா ஆய்விலும் துணைவியாய் நின்றார். அவர் பெயரையே ஒரு கோதுமைக்குச் சூட்டி நன்றி செலுத்தினார் கணவர்.

1925 இல் முசோலினியின் அரசு கோதுமைப் போர் என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. 1933 இல் இத்தாலியின் விளைவு 80 இலட்சம் தொன்னைக் கடந்தது. அரசு அப்பெருமையைத் தன் கொடியிற் பொறித்துக்கொண்டது. ஸ்திராம்பெல்லிக்கு 1929 இல் செனற்றர் பதவியும் அளித்திருந்தது. 1942 இல், போர் நடுவே, உரோமில் அவர் மறைந்தார். அவ்வரசும் வீழ்ந்தது. அவர் விதையோ வீழவில்லை. மெக்சிக்கோவில் நோர்மன் போர்லோக் உருவாக்கிய கோதுமைகளின் முன்னோருள் மென்தானாவும் ஒன்று.

அவர் எழுதிய நூல்கள் சில. விளைத்த இனங்கள் பல. ஆட்சியின் ஆரவாரத்தை நீக்கி அவர் செயலை எடைபோடுவதே கற்றோர் கடன். நெடுந்தாளைக் குறுக்கி மணியைப் பெருக்கிய அவர்தம் தொண்டு, உண்போர் உள்ளளவும் நிலைபெறும்.