மாணாக்கரையே செல்வமாகக் கொண்ட மகாவித்துவான்

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை அவர்கள் 1815ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் சிதம்பரம்பிள்ளை, தமிழாசிரியர். அச்சு நூல்கள் அரிதாயிருந்த அக்காலத்தில் ஏடு வைத்திருந்தோரைத் தேடிச் சென்று கற்றார். தண்டியலங்காரம் படிப்பதற்காகப் பிச்சையெடுத்துண்ட பரதேசி ஒருவருக்குப் பணிவிடையுஞ் செய்தார்.

இவ்வாறு அரிதிற் பெற்ற கல்வியை எளிதில் வழங்கினார். மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் மாணாக்கர் சிலர் எப்பொழுதும் அவரைச் சூழ்ந்திருந்தனர். அவர்களிடம் ஊதியம் பெறவில்லை. பலருக்குத் தம் வீட்டிலேயே உணவும் அளித்தார். தலபுராணச் செய்யுள்களை அவர் வாயாற் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். அதுவே அவர்களுக்கு ஒரு பாடமாயிற்று. சைவ ஆதீன வித்துவானாயினும் கிறிஸ்தவரான சவேரிநாதபிள்ளைக்கும் இஸ்லாமியரான குலாம் காதிறு நாவலருக்கும் மனமுவந்து பாடஞ் சொன்னார். கடன் தொல்லை இறுதிவரை நீங்கவில்லை. ஆயினும் பாடஞ் சொல்வதிலேயே இன்பங் கண்டார்.

1871இல் சாமிநாதையர் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். 1876 பெப்ரவரி 1ஆம் நாள், சவேரிநாதபிள்ளை தாங்கியிருக்க, சாமிநாதையர் திருவாசகம் படிக்கக் கேட்டவாறே ஆசிரியர் சிவபதமடைந்தார். அவர் விட்டுச்சென்ற செல்வம் மாணாக்கரே. பின்னாளிற் சங்க நூல்கள் பலவற்றைப் பதிப்பித்தவரும், ஆசிரியரின் சரித்திரத்தை எழுதி உலகறியச் செய்தவரும் அந்தச் சாமிநாதையரே.

எமது ஆலய அறநெறி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சிலரே என்று வருந்துவோர் உண்டு. ஆசையோடு வருவோர் நால்வராயினும் வகுப்பு நடைபெறட்டும். அந்த நால்வருள் யார் எவராவார் என்பதை எம்பெருமானே அறிவார்.