உழுதுண்ட இறைநேசர்



திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே ரமணாசிரமம் பகுதியைக் கடந்து மேற்கே செல்வீர்களானால், மலையடிவாரத்துக் கொல்லைகள் பலவும் இன்று வீட்டுமனைகளாகவும் விடுதிகளாகவும் மாறியிருப்பதைக் காண்பீர்கள். எஞ்சியுள்ள நிலங்களில் வானத்தை நம்பி வேர்க்கடலை விதைப்போர் உள்ளனர். அரை ஏக்கர்க் கொல்லையும் ஒரு கறவைப் பசுவும் மட்டும் வைத்துக்கொண்டு, எவர் வாசலிலும் சென்று நில்லாமல் ஒரு குடும்பம் வாழ இயலுமா? இவ்வினாவை அங்குள்ள உழவர் எவரிடமாவது கேட்டுப் பாருங்கள். இயலாது என்பதே பெரும்பாலும் விடையாக வரும்.

இயலும் என்று வாழ்ந்து காட்டிய ஒரு குடும்பத்தின் வரலாற்றையே இவ்வாரம் உங்கள் முன் வைக்கின்றோம். அக்குடும்பம் வாழ்ந்த மண், நம் அண்ணாமலைச் சீமையை விடப் பன்மடங்கு வறண்டது. இங்குப் பெய்யும் மழையில் பாதியும் அங்குப் பெய்வதில்லை. அதுதான் இராஜஸ்தானத்தில், அஜ்மீருக்கு வடமேற்கே உள்ள நாகோர்.

நாகோர் என்றதும் நம் இல்லங்களில் நாகூர் நினைவுக்கு வருவது இயல்பே. நாகூர் ஆண்டகை ஹஜ்ரத் ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்கள் 16-ஆம் நூற்றாண்டினர். நாம் கூறப்புகும் ஹஜ்ரத் ஹமீதுத்தீன் (ரஹ்) அவர்களோ 13-ஆம் நூற்றாண்டினர். ஊர்ப் பெயரும் இயற்பெயரும் ஒலியில் நெருங்கியிருப்பதால் இவ்விருவரையும் ஒருவராக எண்ணிவிடலாகாது. இன்னொரு குழப்பமும் உண்டு. அதே காலத்தில் காழி ஹமீதுத்தீன் நாகோரி என்ற மற்றொரு பெரியாரும் வாழ்ந்தார். அவர் சுஹ்ரவர்திய்யா வழியினர், டில்லியில் அடங்கியுள்ளார். நம்மவர் சிஷ்திய்யா வழியினர், நாகோரிலேயே அடங்கியுள்ளார்.

சுவனத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பெற்ற பதின்மருள் ஒருவரான ஹஜ்ரத் ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்களின் வழித்தோன்றல் என்று இப்பெரியாரின் குலமுறை கூறப்படுகின்றது. டில்லி முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்த பின்னர் அந்நகரில் ஒரு முஸ்லிம் இல்லத்தில் பிறந்த முதற்குழந்தை இவர் என்றும் சொல்வர். இளமையின் கேளிக்கைகளில் ஈடுபட்டிருந்தவர், பாவமன்னிப்புத் தேடி, அஜ்மீர் நாயகம் ஹஜ்ரத் காஜா முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்களின் கரம் பற்றி முரீதானார்.

ஒருநாள் காஜா நாயகம் மகிழ்ச்சி மேலிட்டிருந்த வேளையில், தம் சீடர்களை நோக்கி வேண்டியதைக் கேட்குமாறு பணித்தார்களாம். சிலர் இம்மையைக் கேட்டனர். சிலர் மறுமையைக் கேட்டனர். ஹமீதுத்தீன் மட்டும், அடிமைக்கென்று தனி விருப்பம் ஏது, ஆண்டவன் நாடுவதே தம் நாட்டம் என்று அடங்கி நின்றார். அன்று முதல் அவருக்கு 'சுல்தானுத் தாரிகீன்' என்ற பட்டம் வழங்கலாயிற்று. துறந்தோரின் அரசர் என்பது அதன் பொருள்.

துறந்தோர் என்றவுடன் மனைவி மக்களை விட்டுக் காடேகியவர் என்று கருதிவிடாதீர்கள். ஹமீதுத்தீன் (ரஹ்) அவர்கள் இல்லறத்தார். நாகோரை அடுத்த சுவால் என்னும் சிற்றூரில் மண்குடிசை ஒன்றில் மனைவி மக்களுடன் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு இருந்த நிலம் ஒரு பிகா. பிகாவின் அளவு ஊருக்கு ஊர் மாறும். ஏறக்குறைய அரை ஏக்கர் என்று கொள்ளலாம். அந்நிலத்தையும் முழுவதுமாக ஒரே சமயத்தில் பயிரிடுவதில்லை. முதலில் ஒரு பாதியைத் தம் கையாலேயே உழுது விதைப்பார்கள். அதன் பலன் கைக்கு வந்த பின்னர் மறுபாதியில் இறங்குவார்கள். ஒரு பாதி விளையும்போது மறுபாதி ஓய்ந்து கிடக்கும். மானாவாரி நிலம் வைத்திருப்போருக்கு இதன் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வீட்டில் ஒரு பசு இருந்தது. அதன் பாலைக் கறப்பவரும் அவரே. அம்மையார் நூல் நூற்பார், சமைப்பார். வீட்டிற்குள் பேசிய மொழி பார்சியன்று; அந்நாட்டு மக்கள் பேசிய ஹிந்தவியே. அரபியும் பார்சியும் கற்றுத் தேர்ந்த ஓர் ஆலிமின் வீட்டில் அண்டை அயலாரின் மொழியே புழங்கிற்று என்பது கருதத்தக்கது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு தீனில் நிலைத்திருக்கும் நமக்கு இது வியப்பளிக்காது.

உணவிலும் அவ்வில்லம் தனித்து நின்றது. ஹமீதுத்தீன் (ரஹ்) அவர்கள் புலால் உண்பதைத் தவிர்த்து வந்தார்கள். அல்லாஹ் ஆகுமாக்கிய ஒன்றை அவர்கள் விலக்கப்பட்டதென்று கூறவில்லை. உயிர்களிடத்துக் கொண்ட இரக்கத்தால் தமக்கு வேண்டாமென்று ஒதுக்கினார்கள். தம் மறைவுக்குப் பின் தம் பேரால் வழங்கும் உணவிலும் இறைச்சி சேர்க்கலாகாது என்று சீடர்களுக்குச் சொல்லி வைத்தார்கள். கத்தம் என்றால் கறிச்சோறு என்று பழகிவிட்ட நம் வீடுகளில் இச்செய்தியைச் சற்று உரக்கவே படித்துக் காட்டலாம்.

சிஷ்திய்யாப் பெரியார்கள் தம் வாழ்வுக்கென இரு வழிகளையே ஏற்றிருந்தனர். ஒன்று, தரிசு நிலம் திருத்திப் பயிரிடுவது. மற்றொன்று, கேளாமல் வந்து சேரும் காணிக்கையை அன்றன்றே செலவிடுவது. பின்னாளில் பலர் இரண்டாவதைக் கொண்டனர். அதில் குற்றமில்லை. ஆயினும் நம் மனம் முதலாவதன் பக்கமே சாய்கின்றது. நபி தாவூது (அலை) அவர்கள் அரசராய் இருந்தும் தம் கையுழைப்பால் உண்டதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எடுத்துக் கூறியிருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

இனி, அக்குடிசையை உலுக்கிய நிகழ்ச்சிக்கு வருவோம்.

நாகோரின் ஆளுநர் இவ்வில்லத்தின் வறுமையைக் கேள்வியுற்றார். சிறிது நிலமும் பணமும் தருவதாகவும், ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றும் வேண்டினார். தம் முன்னோர்களான பெரியார்கள் எவரும் இத்தகையதை ஏற்றதில்லை. தம்மிடமுள்ள ஒரு பிகாவே போதும் என்று கூறி ஹமீதுத்தீன் (ரஹ்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆளுநர் அத்துடன் விடவில்லை. செய்தியை டில்லிக்கு எழுதினார். சுல்தான் 500 வெள்ளித் தங்காக்களும், ஒரு கிராமத்தை மானியமாக அளிக்கும் ஆணையும் அனுப்பி வைத்தார்.

500 தங்கா என்பது எவ்வளவு என்று எண்ணுகிறீர்கள்? ஒரு தலைமுறைக்குப் பின்னர், அலாவுத்தீன் கில்ஜி விலை நிர்ணயித்த காலத்தில், ஒரு தங்காவுக்கு அன்றைய டில்லி மணங்கில் ஆறு மணங்குக்கு மேல் கோதுமை கிடைத்தது. அக்கணக்கில் பார்த்தால் 3000 மணங்குக்கும் அதிகமான கோதுமை, அந்த மண்குடிசையின் வாசலில் வந்து இறங்கியதாகக் கொள்ளலாம். அதனுடன் ஒரு கிராமம் வேறு!

இங்கேதான் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முன்பு ஆளுநருக்கு மறுமொழி கூறியவர், இம்முறை உடனே விடை கூறவில்லை. எழுந்து உள்ளே சென்று மனைவியிடம் செய்தியைச் சொன்னார்கள். அப்பொழுது அவர்கள் இடுப்பில் இருந்தது நைந்து போன ஒரு துணி. அம்மையாருக்கோ முக்காடிடத் தனித்துணி இல்லை. உடுத்திருந்த ஆடையின் ஓரத்தையே இழுத்துத் தலைமீது போர்த்தியிருந்தார். வறுமையை விரும்பி ஏற்றவர் கணவர். ஆனால் அதன் சுமையை அன்றாடம் அடுப்படியில் தாங்கியவர் அப்பெண்மணி. ஆகவே அவர் கருத்தை அறியாமல் முடிவு செய்வது முறையன்று என்று இறைநேசர் கருதினார்கள் போலும்.

அம்மையார் தயங்கவில்லை. இத்தனை ஆண்டுகள் காத்த வறுமையின் மாண்பை இந்தப் பணத்துக்காக இழக்க நினைக்கின்றீர்களா என்று கணவரையே திருப்பிக் கேட்டார். கவலை வேண்டாம், தம் கைப்பட இரண்டு சேர் நூல் நூற்று வைத்திருப்பதாகவும், அதை நெய்தால் அவருக்கு ஓர் இடுப்புத் துணியும் தமக்கு ஒரு தலைத் துணியும் கிடைத்துவிடும் என்றும் கூறினார். ஹமீதுத்தீன் (ரஹ்) அவர்களின் முகம் மலர்ந்தது. வெளியே வந்து, சுல்தானின் பணத்தையும் ஆணையையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வாசகச் சகோதரிகளே, துறந்தோரின் அரசர் என்ற பட்டம் கணவருக்கு மட்டுமே கிடைத்தது. அவ்வரசு அன்று நிலைத்தது இரண்டு சேர் நூலினால் என்பதை நீங்களேனும் நினைவில் வையுங்கள்.

தமக்கு வேண்டாமென்று மறுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. முல்தானில் பெருஞ்செல்வத்துடன் வாழ்ந்த பெரியார் ஹஜ்ரத் பஹாவுத்தீன் ஸகரிய்யா (ரஹ்) அவர்களுக்குக் கடிதங்கள் எழுதி, இறைநேசமும் பொருட்குவியலும் ஓரிடத்தில் எவ்வாறு பொருந்தும் என்று வினவினார்கள். நாகோரிலிருந்து எள்ளை முல்தானுக்கும், அங்கிருந்து பஞ்சை நாகோருக்கும் கொண்டு செல்லும் வணிகர் ஒருவரே இக்கடிதங்களைச் சுமந்தார். வந்த விடைகள் நாகோர்ப் பெரியாரின் மனத்தை நிறைவு செய்யவில்லை. இரு தரப்பும் அல்லாஹ்வின் நல்லடியார்களே. அவர்களுக்கிடையே தீர்ப்புக் கூற நாம் யார்?

ஹிஜ்ரி 673-இல், அதாவது 1274-இல், ஹமீதுத்தீன் (ரஹ்) அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். அவர்களுடைய பேச்சுகளைப் பேரர் பரீதுத்தீன் மஹ்மூது அவர்கள் 'ஸுரூருஸ் ஸுதூர்' என்னும் நூலாகத் தொகுத்தார்கள்.

நாகோரில் அவர்களின் அடக்கத்தலத்துக்கு முன்னே நுட்பமான சிற்ப வேலைப்பாடு நிறைந்த உயர்ந்த வாயில் ஒன்று நிற்கின்றது. டில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் காலத்துத் திருப்பணி அது என்பர். வாழ்ந்த நாளில் அரசரின் காசைத் தொடாதவருக்கு, மறைந்த பின்னர் அரசர் எழுப்பிய வாயில்! 'தாரிகீன்' என்ற பட்டம் ஊரார் நாவில் திரிந்து, அதனை 'அத்தர்கின் தர்வாஸா' என்றே இன்றும் அழைக்கின்றனர்.