அப்பாவுக்காக ஒரு கால்குலேட்டர்!

9 உடன் 1-ஐக் கூட்டும்போது என்ன செய்கிறீர்கள்? பூஜ்யத்தைப் போட்டுவிட்டு, 1-ஐப் பக்கத்து இடத்துக்குக் கொண்டு போகிறீர்கள் அல்லவா? மாணவர்களுக்கென்று வரைபடமே வரைந்து காட்டும் கால்குலேட்டர்கள் இன்று வந்துவிட்டன. ஆனால், அந்த ஒரே ஒரு 1-ஐ இடம் மாற்ற ஓர் இயந்திரத்தைப் பழக்குவதற்கு, ஓர் இளைஞர் பல வருடங்கள் போராடினார். அவர்தான் பிளெய்ஸ் பாஸ்கல்.

1623-ல் பிரான்ஸ் நாட்டின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதிலேயே அம்மாவை இழந்தார். அப்பா எத்தியென்தான் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். முதலில் மொழிகளைப் படிக்கட்டும் என்று கணிதப் புத்தகங்களை அவர் ஒளித்து வைத்தார். பாஸ்கல் சும்மா இருப்பாரா? கரித்துண்டால் தரையில் வட்டமும் முக்கோணமும் வரைந்து, தானாகவே கணிதம் கற்கத் தொடங்கினார். அதைப் பார்த்து வியந்த அப்பா, புத்தகங்களை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

பிறகு அப்பாவுக்கு ரூவான் நகரில் வரி அதிகாரி வேலை கிடைத்தது. நாள் முழுக்கக் கூட்டல், கழித்தல்தான்! அன்றைய பிரெஞ்சுப் பணத்தில் 12 தெனியே சேர்ந்தால் ஒரு சோல். 20 சோல் சேர்ந்தால் ஒரு லீவர். எத்தனை குழப்பம் பாருங்கள்! இரவிலும் கணக்கோடு மல்லுக்கட்டிய அப்பாவுக்கு உதவ விரும்பினார் பாஸ்கல். 1642-ல் இயந்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

ஒரு பெட்டி, அதன் மேல் வரிசையாகச் சக்கரங்கள். எண்ணுக்கு ஏற்பச் சக்கரத்தைச் சுழற்றினால், சிறிய ஜன்னலில் விடை தெரியும். ஒரு சக்கரம் 9-ஐத் தாண்டியதும் உள்ளே ஒரு சிறிய எடை விழுந்து, அடுத்த சக்கரத்தை ஒரு படி தள்ளிவிடும். பக்கத்து இடத்துக்கு 1 போய்விட்டது!

சொல்வது சுலபம், செய்வது கடினம். பாஸ்கல் ஏறக்குறைய 50 மாதிரிகள் செய்து பார்த்தார். நடுவில் ஒரு கடிகாரத் தொழிலாளி, கேள்விப்பட்டதை வைத்துப் போலி ஒன்று செய்தார். பார்க்க அழகாக இருந்தது, கணக்குதான் வரவில்லை! மனம் நொந்த பாஸ்கல் தன் வேலையையே நிறுத்திவிட்டார். பெரியவர்கள் ஊக்கம் கொடுத்த பிறகே தொடர்ந்தார். 1649-ல் இயந்திரத்தைச் செய்யும் உரிமையை அரசர் அவருக்கே வழங்கினார்.

ஆனால், விலை அதிகம் என்பதால் சில இயந்திரங்களே விற்றன. செல்வமும் சேரவில்லை. அடிக்கடி நோயில் வாடிய பாஸ்கல், 1662-ல் 39 வயதிலேயே மறைந்தார். காற்றழுத்தம் பற்றியும் ஆராய்ந்தவர் அவர். அதனால்தான் உங்கள் அறிவியல் புத்தகத்தில் அழுத்தத்தின் அலகுக்கு 'பாஸ்கல்' என்று பெயர். அவர் செய்த இயந்திரங்களில் சில, இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

அடுத்த முறை கணக்கு தப்பாகிப் போனால், நோட்டை மூடிவிடாதீர்கள். பாஸ்கலின் 50 மாதிரிகளை நினைத்துக்கொண்டு, இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்!