பூமியின் அடுக்குகளைப் படித்தவர்

இங்கிலாந்தில் சர்ச்சில் என்று ஒரு கிராமம். 1769-ம் ஆண்டு அங்கே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார், வில்லியம் ஸ்மித். 8 வயதில் தந்தையை இழந்தார். தந்தையின் சகோதரர் அவரை வளர்த்தார்.

அவ்வூர்ப் பெண்கள் வெண்ணெய் நிறுக்க உருண்டையான ஒரு கல்லை எடைக்கல்லாக வைத்திருந்தார்கள். அது முன்னொரு காலத்தில் கடலில் வாழ்ந்த பிராணியின் ஓடு. மண்ணில் புதைந்து கல்லாகிவிட்டது. இத்தகைய கற்கள்தான் சிறுவன் ஸ்மித்தின் விளையாட்டுப் பொருள்கள்.

நிலக்கரி பிறந்த கதை

ஸ்மித் நிலம் அளக்கும் தொழிலைக் கற்றார். சாமர்செட் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இறங்கினார்.

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே சதுப்புக் காடுகள் இருந்தன. மரம் செடிகள் சாய்ந்து சேற்றில் புதைந்தன. அவற்றின்மேல் மண்ணும் மணலும் படிந்தன. பாரம் ஏற ஏற, அழுத்தமும் சூடும் கூடின. புதைந்த செடிகள் நிலக்கரி ஆயின. மேலே படிந்த மண்ணும் மணலும் இறுகிப் பாறை ஆயின. இதற்குப் படிவுப் பாறை என்று பெயர்.

சுரங்கத்துக்குச் சுரங்கம் இந்த அடுக்குகள் ஒரே வரிசையில் இருப்பதை ஸ்மித் கவனித்தார். பிறகு நிலக்கரி கொண்டு செல்லக் கால்வாய் வெட்டும் வேலையில் அமர்ந்தார். அங்கே இன்னொரு உண்மை தெரிந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் தனித்தனி வகைச் சிப்பிகள் புதைந்திருந்தன!

அந்நாளில் கறுப்புக் களிமண்ணைக் கண்டதும், அடியில் நிலக்கரி இருக்கும் என நம்பிப் பலர் பணத்தைக் கொட்டித் தோண்டினார்கள். ஸ்மித் சிப்பிகளைப் பார்த்தே, அது எந்த அடுக்கு என்று சொல்லிவிடுவார். வீண் செலவைத் தடுப்பார்.

படமும் சிறையும்

பல ஆண்டுகள் நாடெங்கும் அலைந்து பாறைகளை ஆராய்ந்தார். 1815-ல் பெரிய படம் ஒன்றை வெளியிட்டார். எட்டரை அடி உயரம், 6 அடி அகலம். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு வண்ணம்.

ஆனால் கையில் பணம் இல்லை. கல் வெட்டும் தொழிலிலும் நஷ்டம். அந்தச் சமயத்தில் லண்டன் புவியியல் சங்கத்தார் போட்டியாக வேறொரு படம் தயாரித்தார்கள். 

1819-ல் கடனுக்காக ஸ்மித் சிறையில் அடைக்கப்பட்டார். விடுதலையாகி வந்தபோது வீடும் பொருளும் பறிபோயிருந்தன. லண்டனை விட்டே வெளியேறினார்.

அதே சங்கம் 1831-ல் தன் உயர்ந்த பதக்கத்தை முதன்முதலாக அவருக்கு அளித்தது. அரசாங்கம் ஆண்டுக்கு 100 பவுன் உதவித்தொகை தந்தது. 1839-ல் ஸ்மித் காலமானார்.

லண்டனில் அச்சங்கத்தின் மாளிகையில் இரண்டு படங்களும் தொங்குகின்றன. ஒன்று ஸ்மித்தின் படம். மற்றது, அவருக்குப் போட்டியாக வந்த படம்.