வைட்டமினும் இவர் லேபில்தான், அதன் எதிரி மருந்தும் இவர் லேபில்தான்! யார் இந்த சுப்பாராவ்?

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களின் மருந்துச் சீட்டில், பெரும்பாலும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரையும் இருக்கும். முதல் மருந்தின் வேலையே ஃபோலிக் ஆசிட்டைத் தடுப்பதுதான். அப்புறம் ஏன் இரண்டையும் தருகிறார்கள்? இதற்குப் பின்னால் எல்லப்பிரகட சுப்பாராவ் என்ற விஞ்ஞானியின் கதை இருக்கிறது.

யார் இவர்?

1895-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை சென்னையில் படித்து பாஸ். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்பிபிஎஸ் கைநழுவி, அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது.

சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர், 1920-களில் அமெரிக்கா போனார். மருத்துவமனையில் கடைநிலை வேலை பார்த்தபடியே ஹார்வர்டில் ஆய்வு செய்தார். 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார். அங்கே அவரது குழு, 1945-ல் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகையை அது சரிசெய்தது. சகோதரர்களுக்குத்தான் அந்த மருந்து கிடைக்கவில்லை.

எதிரி எப்படி வந்தது?

செல்கள் பெருக ஃபோலிக் ஆசிட் தேவை. புற்றுநோய் செல்கள் வேகமாகப் பெருகுபவை. எனவே, அதே போல உருவம் கொண்டு, அதன் வேலையை முடக்கும் பொருட்களை சுப்பாராவ் குழு உருவாக்கியது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை, 1947-ல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. மெத்தோட்ரெக்ஸேட் அதன் நெருங்கிய உறவு.

சரி, இரண்டும் ஏன் சேர்ந்து?

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் குறைந்த அளவில், வாரம் ஒருமுறைதான். அதனால் வரும் வாய்ப்புண், குமட்டல் போன்றவற்றை ஃபோலிக் ஆசிட் குறைக்கிறது. வழக்கமாக வேறு நாளில் போடச் சொல்வார்கள். நாள் குழம்பி மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. புற்றுநோய் சிகிச்சைக்காக அதை எடுப்பவர்களோ, டாக்டர் சொல்லாமல் ஃபோலிக் ஆசிட் போடக் கூடாது. மருந்தின் வேலையே கெடலாம்.

பல மல்டிவைட்டமின் மாத்திரைகளிலும் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. வைட்டமின்தானே என்று விடாமல், கொலஸ்ட்ரால் மாத்திரையோ மூட்டுவாத மாத்திரையோ, கூடவே என்னென்ன போடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சுப்பாராவ் 1948-ல், 53 வயதில் அமெரிக்காவிலேயே இறந்தார். ஊர் திரும்பவே இல்லை. அவர் லேபில் பிறந்த ஃபோலிக் ஆசிட் மாத்திரை, இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.