வகுப்பறைக்குள் வந்த இசை

விருதுநகர் மாவட்டத்து விஸ்வநத்தத்தில் வாழ்வோர்க்குப் பட்டாசின் ஓசை புதிதன்று. அவ்வோசைக்கும் வீணை நரம்பு எழுப்பும் ஒலிக்கும் உள்ள வேறுபாடு யாது? அதிர்வு ஒழுங்கின்றி எழுந்தால் அது இரைச்சல். ஒரே கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் எழுந்தால் இசையொலி. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். இவ்வாறு இசையின் இயல்பையும் வரலாற்றையும் கருவிகளையும் ஆராயும் துறையே இசையியல். தமிழகத்தில் அதனைப் பல்கலைக்கழகப் பாடமாக வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி.

1901ஆம் ஆண்டு பிறந்த அவர் சட்டம் பயின்று பட்டம் பெற்றவர். ஆயினும் வழக்குமன்றத்தைவிட இசையே அவரை ஈர்த்தது. 1928ஆம் ஆண்டு சென்னை இராணி மேரிக் கல்லூரியில் இசை விரிவுரையாளரானார். இசையை ஆசானின் அருகிருந்து செவிவழியே கற்பதே அந்நாளைய மரபு. கமகத்தின் நுட்பத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட இயலுமா, தேர்வுத்தாளில் அளந்தறிய இயலுமா என்னும் ஐயம் இயல்பானதே. இன்றும் அது முற்றிலும் நீங்கிவிடவில்லை.

1931ஆம் ஆண்டு அவர் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்று மேலை இசையையும் ஒப்பீட்டு இசையியலையும் பயின்றார். ஜெர்மானியர் தம் இசையை எழுத்தில் பதிந்து காத்தவர்கள். பாக் என்னும் இசைமேதை மறைந்து நூறாண்டு நிறைந்த 1850ஆம் ஆண்டில் அவருடைய படைப்புகளைப் பதிப்பிக்கவென்றே ஒரு சங்கம் நிறுவி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்தனர். நம் நாட்டில் ஓலைச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் உழைப்பு இங்கு நினைவிற்கு வரும். அத்தகைய உழைப்பு நம் இசைக்கும் தேவைப்பட்டது.

தாயகம் திரும்பிய சாம்பமூர்த்தி 1937 முதல் 1961 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையை வழிநடத்தினார். கற்பிக்கத் தக்க பாடநூல்கள் அரிதாயிருந்த நிலையில், தென்னிந்திய இசை பற்றி ஆறு பகுதிகளாக எழுதினார். தியாகராசரின் ‘நௌகா சரித்திரம்’ என்னும் இசைநாடகத்தைச் சுரக்குறிப்புடன் பதிப்பித்தார். சென்னை அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளுக்கு விளக்கப் பட்டியல் தொகுத்தார். இந்திய இசை பயிலும் மாணவர்க்கென மேலை இசையின் அடிப்படைகளை விளக்கும் நூலொன்றும் படைத்தார். ஜெர்மனியில் கற்றதை அவர் நம் இசையின்மீது திணிக்கவில்லை. ஆராயும் முறையை மட்டுமே அங்கிருந்து கொணர்ந்தார் எனலாம்.

1971ஆம் ஆண்டு பத்மபூஷண் விருதும், மறு ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதும் அவருக்கு வழங்கப்பெற்றன. ஆயினும் அவர் மனம் தோய்ந்திருந்த பெரும்பணி, தென்னிந்திய இசைக்கும் இசைவாணர்க்குமான அகராதியே. ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையில் அமைந்த அதன் முதல் தொகுதி 1952இலும் மூன்றாம் தொகுதி 1971இலும் வெளிவந்தன. 1973ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, அவ்வரிசையின் இறுதி எழுத்தை அகராதி இன்னும் எட்டியிருக்கவில்லை.