ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்: சிறு மின்கலமும் பெரும் பொறியும்

ஊவா மலைச்சாரலிலே, பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களின் லயங்கள் பலவற்றுக்கு மின்சாரம் நெடுங்காலம் எட்டாப் பொருளாகவே இருந்தது. டோர்ச் விளக்கில் வலுவிழந்த மின்கலத்தை வீசியெறிய மனமின்றி வெயிலிற் காயவைத்து, மீண்டும் ஒரு நாழிகை எரியாதா என ஏங்கியோர் பழைய மாணவருள் பலர் இருப்பர். இன்றைய மாணவரோ அத்தகைய கலத்தைக் கொண்டே விளக்கேற்றக் கற்றிருக்கின்றனர். கம்பி சுற்றிய சிறு காந்த வளையம் ஒன்று, திரான்சிற்றர் ஒன்று, தடை ஒன்று ஆகிய மூன்றும் போதும். 1 வோல்ற்றுக்கும் குறைந்த கலம், ஏறத்தாழ 3 வோல்ற்று வேண்டும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கை ஒளிரச் செய்துவிடும்.

இதில் மாயம் ஏதுமில்லை. சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால், அதைச் சூழ்ந்த காந்தப் புலம் குலையும். அக்கணத்தில் மின்னழுத்தம் உயர்ந்தெழும். அழுத்தம் மிகுமிடத்து ஓட்டம் குறையுமாதலால், சக்தி புதிதாய்ப் பிறப்பதில்லை. மெல்லச் சேர்ந்தது விரைந்து வெளிப்படுகின்றது, அவ்வளவே. இவ்வுண்மையைத் துணைக்கொண்டு, எளிய கருவிகளால் உலகை வியக்கவைத்த இந்தியப் பெருமகனார் ஒருவரின் வரலாற்றை இவ்விழா மலரிலே நினைவுகூர்தல் தகும்.

ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்திலே பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகத்தர். மகனை முதலில் தாய்மொழிப் பாடசாலைக்கே அனுப்பினார். ஆங்குக் குடியானவர், மீனவர் பிள்ளைகளுடன் ஒரே வாங்கில் அமர்ந்து கற்றவர், பின்னர்க் கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் லாஃபோன் அடிகளாரிடம் பௌதிகத்திற் பற்றுக்கொண்டார். வைத்தியம் பயில இலண்டன் சென்ற அவரை நோய் வாட்டவே, கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் பயின்று 1884இல் பட்டம் பெற்றார்.

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியராய் அமர்ந்தார். ஐரோப்பியர்க்கு ஒரு சம்பளம், இந்தியர்க்கு அதனிற் குறைந்த சம்பளம் என்பது அக்கால நியதி. போஸ் வாதாடவில்லை, வேலைநிறுத்தமும் செய்யவில்லை. மூன்று ஆண்டுகள் ஒருநாளும் தவறாது கற்பித்தார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. தந்தையாரின் கடன் தலைக்குமேல் நின்ற காலம் அது என்பதை எண்ணிப்பார்த்தால் அவ்வுறுதியின் விலை விளங்கும். ஈற்றில் அரசு பணிந்து, முழுச் சம்பளத்தையும் முன்னைய நிலுவையோடு வழங்கியது. அப்பணம் தந்தையாரின் கடனைத் தீர்க்கச் சென்றது.

36ஆம் பிறந்தநாளன்று, 1894இல், ஆராய்ச்சிக்கே வாழ்வை அர்ப்பணிப்பதென உறுதிபூண்டார். ஆய்வுகூடமோ 24 சதுர அடி கொண்ட சிற்றறை. உதவியாளரோ பாடநூல் அறியாத தகரத் தொழிலாளி ஒருவர். ஒரு சேமிப்பு மின்கலத்தையும் சிறு தூண்டற் சுருளையும் உலோகப் பெட்டியொன்றுள் அடக்கினார். அத்தகைய கலம் தருவது 2 வோல்ற்று அளவே; சுருளோ அதை ஆயிரக்கணக்கில் உயர்த்திச் சிறு உலோகக் குண்டுகளுக்கிடையே பொறி பறக்கச் செய்தது. ஓட்டத்தை ஒரே ஒரு முறை துண்டித்து எழும் ஒற்றைப் பொறியே போதுமெனக் கண்டமை அவர்தம் நுட்பம். அதனால் குண்டுகளின் மேற்பரப்பும் பழுதுறவில்லை. அப்பொறியினின்று சில மில்லிமீற்றர் நீளமே உடைய மின்னலைகள் பிறந்தன. 1895இல் கல்கத்தா நகர மண்டபத்திலே, அவ்வலைகள் சுவர்களையும் ஊடுருவிச் சென்று தொலைவில் மணியடிக்கவும் வெடிமருந்தைக் கொளுத்தவும் கண்டு மக்கள் திகைத்தனர். 1897 சனவரியில் இலண்டன் ரோயல் இன்ஸ்ரிற்றியூசனிலும் தம் கருவிகளை விளக்கினார்.

அலைகளை உணர்வதற்குக் கலீனா என்னும் ஈயத்தாதுப் பளிங்கைப் பயன்படுத்தியவரும் அவரே. நண்பர் வற்புறுத்தலால் 1901இல் விண்ணப்பித்த அமெரிக்க உரிமைப் பத்திரம் 1904இல் கிடைத்தது. எனினும் அறிவை விற்றுப் பொருளீட்ட அவர் மனம் இசையவில்லை. அவ்வுரிமை பயன்படுத்தப்படாமலே காலாவதியாயிற்று. 1947இல் தோன்றிய திரான்சிற்றரும் அத்தகைய குறைகடத்திப் பளிங்கின் வழிவந்ததே. ஆகவே, நம் மாணவர் கையிலுள்ள சிறு சுற்றிலே சுருளும் பளிங்கும் ஆகிய இரண்டும் அப்பெரியாரை நினைவூட்டுகின்றன.

பின்னாளில் தாவரங்களின் உணர்வை ஆராய்ந்த அவர், 1917இல் தம் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நிலையத்தைக் கல்கத்தாவில் நிறுவினார். 1920இல் ரோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். 1937 நவம்பர் 23ஆம் நாள், 79ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிடியில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மாணவச் செல்வங்களே! கருவியில்லை, கட்டடமில்லை என நம் மலைநாட்டுப் பாடசாலைகள் குறைகூற நியாயம் உண்டு. அக்குறைகள் தீர நாம் உரத்துக் கேட்கவும் வேண்டும். ஆயினும் அவை தீருமட்டும் காத்திராதீர். வலுவிழந்த மின்கலம் ஒன்றும் ஒரு முழக் கம்பியும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. அவற்றோடு தொடங்குங்கள், சிற்றறையில் தொடங்கிய போஸ் உங்கள் முன்னோடி.